டைனார்ஃபின் எந்த செல்லிடம் பேசியது?

பிறந்த எலிக்குட்டியின் மூளைப் புறணியில் மையலின் என்ற கொழுப்பு உறை அநேகமாகக் கிடையாது. அடுத்து வரும் வாரங்களில்தான் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் என்ற செல்கள் முதிர்ந்து, நரம்பு செல்லின் நீண்ட இழைகளான ஆக்சான்களுக்கு அந்த உறையைப் போடுகின்றன. மன அழுத்தத்துக்குப் பின் உருவாகும் மையலினுக்கு நரம்பு செல்கள் வெளிவிடும் டைனார்ஃபின் என்ற நியூரோபெப்டைட் (செய்தி கடத்தும் சிறு புரதத் துண்டு) காரணமாகிறது என்று ஜோனா சான் குழுவினர் 2021இல் காட்டினார்கள். ஒலிகோடென்ட்ரோசைட்டாக முதிரப்போகும் முன்னோடி செல்லின் மேலுள்ள கப்பா ஓபியாய்ட் ஏற்பி வழியாக அது வேலை செய்கிறது. இதைச் செல் வளர்ப்புத் தட்டில் பார்க்கத்தான் நான் இறங்கினேன்.

பெப்டைடைச் சேர்ப்பது எளிது. செல்களைப் பிரித்தெடுப்பதில்தான் உயிர் போகும். ஆக்ஸிடோசின் என்ற வேறொரு நியூரோபெப்டைடின் வழியில் செயல்படும் மருந்து ஒன்று, கருவில் வளர்ச்சி குன்றிய எலிக்குட்டிகளின் மூளையைக் காத்தபோது, அது மூளையின் நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோகிளியா வழியாகவே நடந்தது என்று 2019இல் ஒரு குழு கண்டது. ஆக, தட்டில் மைக்ரோகிளியா கலந்திருந்தால் பெப்டைட் யாரிடம் பேசியது என்றே சொல்ல முடியாது.

மெக்கார்த்தி, டி வெல்லிஸ் இருவரும் 1980இல் தந்த முறையைப் பின்பற்றினேன். எலிக்குட்டியின் புறணியிலிருந்து எடுத்த கலவையான செல்கள் பத்து நாள் போல வளர்ந்ததும், ஃபிளாஸ்கின் அடியில் ஆஸ்ட்ரோசைட்டுகள் (நரம்பு செல்களுக்குத் துணை நிற்பவை) பாய் விரித்ததுபோல் படிந்திருக்கும். மேலே சிறிய, கருமையான முன்னோடி செல்கள். முதலில் ஒரு மணி நேரம் ஷேக்கரில் ஆட்டி, உதிரும் மைக்ரோகிளியாவைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் இரவு முழுக்க ஆட்டினால் முன்னோடிகள் உதிரும். அவற்றைப் பூச்சில்லாத தட்டில் அரை மணி நேரம் வைத்தால், மிச்சமிருக்கும் மைக்ரோகிளியா ஒட்டிக்கொள்ளும், மிதப்பதை எடுத்துக்கொள்ளலாம். இந்த அரை மணி நேரத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள்.

பிறகு, செல்களைப் பெருக வைக்கும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை நிறுத்திவிட்டு டைனார்ஃபின் சேர்த்தேன். செல்கள் விடும் நொதிகள் பெப்டைடை வெட்டிவிடும் என்பதால் ஊடகம் மாற்றும்போதெல்லாம் புதிதாகச் சேர்த்தேன். ஒப்பீட்டுக்கு, இந்த செல்களை முதிர வைக்கும் தைராய்டு ஹார்மோன் டி3 ஒரு வரிசை, டைனார்ஃபினோடு கப்பா ஏற்பியை அடைக்கும் நார்-பிஎன்ஐ சேர்த்தது ஒரு வரிசை. டைனார்ஃபின் ஓபியாய்ட் ஏற்பியைத் தொடாமலும் சில வேலைகள் செய்யும். அதனால் அடைப்பான் இல்லாத சோதனையை நான் நம்பவே மாட்டேன்.

முதிர்ந்த செல்களில் இருக்கும் மையலின் புரதமான எம்பிபி-க்கு நிறமேற்றிப் பார்த்தபோது டைனார்ஃபின் குழிகளில் முதிர்ந்த செல்கள் கூடுதலாகத் தெரிந்தன. அடைப்பான் சேர்த்தவற்றில் அந்தக் கூடுதல் இல்லை. மைக்ரோகிளியா தென்பட்ட குழிகளை, முன்பே முடிவு செய்திருந்தபடி, கணக்கில் சேர்க்கவில்லை. தட்டையான தட்டில் செல் விரியுமே தவிர எதையும் சுற்றாது. அதற்கு ஆக்சான் போல மெல்லிய செயற்கை நானோ இழைகள் வேண்டும். அடுத்து அந்த இழைகளின் மேல்தான் இதே செல்களை வளர்க்கப் போகிறேன்.