ஒரு குத்துக்கு ஒரு நாற்று

கிருஷ்ணகிரி அணை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஒரு ஏக்கரில் இந்தப் போகம் நெல்லுக்கு ஒற்றை நாற்று நடவு, அதாவது ஒரு குத்தில் (நடும் இடத்தில்) ஒரே நாற்று. அப்பாவுக்குத்தான் மனசே இல்லை.

வழக்கமாக இருபது கிலோவுக்கு மேல் விதை விட்டு, 25 நாள் நாற்றைப் பிடுங்கி, சிறு கட்டுகளாக முடி கட்டி, கொத்தாக நடுவோம். இதற்கு 3 கிலோ விதை போதும். நாற்றங்கால் ஒரே சென்ட். 14 நாளில் நாற்று தயார். மண்ணோடு பெயர்த்து, வேர் காய்வதற்குள் 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் மேலாக வைக்க வேண்டும். கயிறு பிடித்து நடுவதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது. வயல் மட்டமாக இல்லாவிட்டால் இந்தக் குட்டி நாற்று பள்ளத்தில் முழுகிவிடும், அதனால் பரம்படிப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

நாற்று விடாமல் விதையை நேராக வயலில் வரிசையாகப் போடும் டிரம் சீடர் கருவியையும் முன்பு இழுத்துப் பார்த்தவன்தான். முளைகட்டிய விதை, நடவுக் கூலி மிச்சம் என்று குஷியாக இருந்தேன். மறுநாள் ராத்திரி பெய்த மழை விதையை எல்லாம் ஒரு மூலையில் குவித்துவிட்டது. அப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இன்று வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, நட்டியா, எண்ணி வெச்சியா?" என்றார். வயல் வெறிச்சென்றுதான் இருக்கிறது. பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டட்டும், பேசிக்கொள்ளலாம்.

பத்தாம் நாள் களை ஓட்ட வேண்டும். பக்கத்தில் யாரிடமாவது கோனோவீடர் (கையால் தள்ளும் களைக் கருவி) இருந்தால் சொல்லுங்கள், வாடகை தந்துவிடுகிறேன்.