பல்லைப் பிடுங்குவதற்கு முன் கேட்ட கேள்விகள்

வன்னியில் எங்கள் சனம் பல் கிளினிக்குக்குப் போவது பிடுங்கத்தான். கொதி தொடங்கினால் கராம்பு வைப்பது, உப்புத்தண்ணி கொப்பளிப்பது, பனடோல் போடுவது. ஒன்றும் சரிவராவிட்டால் பஸ் ஏறுவது. அம்மாவும் அப்படித்தான் வெளிக்கிட்டார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று அவரை நித்திரை கொள்ள விடவில்லை. விசுவமடுவிலிருந்து பரந்தன், அங்கிருந்து கிளிநொச்சி வைத்தியசாலை. முறை வந்து கதிரையில் ஏறியதுமே வாயைத் திறந்துகொண்டு இருந்தார். வைத்தியரோ வாயை மூடச் சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தார்.

"அம்மா, சீனி வருத்தம் இருக்கோ?"

"ஓம் பிள்ளை, குளிசை எடுக்கிறன்."

"பிரசர்? ரத்தம் உறையாமல் இருக்க ஏதும் தந்தவையோ?"

அம்மா என்னைப் பார்த்தார். கையோடு கொண்டுபோன குளிசை மட்டைகளை மேசையில் வைத்தேன். வைத்தியர் ஒவ்வொன்றாகப் புரட்டி அஸ்பிரின் மட்டையைத் தனியே எடுத்தார். இதனால் இரத்தம் நிற்கக் கொஞ்சம் சுணங்கும், ஆனாலும் பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்றார். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ குளிசையோ எடுத்ததுண்டா என்றும் கேட்டார். அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகலாம். வேறோர் இடத்தில் முந்தி அம்மாவுக்கு ஒரு பல் பிடுங்கியபோது இதில் ஒன்றைக்கூட எவரும் கேட்கவில்லை. அந்தக் காயம் ஆறப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பழைய றிப்போட்டுகள் இருக்கா என்றதற்கு, 2009இல் இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது என்றோம். வைத்தியர் அதற்கு மேல் துருவவில்லை. "உடம்பில ஷெல் துண்டு ஏதும் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். தொடையில் ஒன்று இருக்கிறது. எழுதிக்கொண்டார். எங்கள் பகுதியில் எத்தனையோ பேர் இதை மறந்தே போயிருப்பார்கள். பிற்பாடு எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்க வேண்டி வந்தால் அந்த இரும்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்புறம் தண்ணி. "சின்ன வயசில எந்தத் தண்ணி குடிச்சனீங்கள்?" வவுனியாப் பக்கத்துக் கிணறு. அம்மாவின் முன்பற்களில் இருக்கும் மண்ணிறம் முழுவதும் வெற்றிலைக் காவி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் ஒரு பங்கு புளோரைட்டால் வந்தது. வறண்ட வலயத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைட் கூடுதலாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பல் முரசுக்குள் உருவாகும் சின்ன வயதில் அதற்கு மேல் போனால் வெள்ளைத் திட்டும் மண்ணிறமும் விழும். எவ்வளவு தீட்டினாலும் போகாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர் கிணற்றுத் தண்ணியைப் பரிசோதிக்கக் கொடுப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னார். முதலில் கழுத்திலும் தாடைக்குக் கீழும் விரலால் தடவிக் கட்டிகள் உண்டா என்று பார்த்தார். பிறகு நுனியில் சின்ன உருண்டை வைத்த மெல்லிய கம்பி ஒன்றை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கி இறக்கி, வாயை ஆறு பகுதியாகப் பிரித்துத் தாதிக்கு இலக்கம் சொன்னார். கம்பியில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது. அது முழுவதும் முரசுக்குள் மறைந்தால் 6 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ ஆழம். கொதித்த பல்லடியில் பட்டை காணாமலே போனது. சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியும் சொல்வழி கேட்காது என்று விளங்கப்படுத்தினார்.

"வெத்திலை போடுவீங்களோ அம்மா?"

"போயிலையை விட்டிட்டன் பிள்ளை. இப்ப சீவலும் சுண்ணாம்பும் மட்டும்தான்."

வைத்தியர் அம்மாவின் வலது கொடுப்பைக் கண்ணாடியால் ஒதுக்கி என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். வெற்றிலை அடக்கும் அதே இடத்தில் வெள்ளைத் திட்டு. பஞ்சுத் துணியால் துடைத்தார், போகவில்லை. நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும், நாக்குக்கு அடியும் பார்த்தார். பிறகு அம்மாவின் சொந்த விரல்களை நெடுக்காக வாய்க்குள் வைக்கச் சொன்னார். மூன்று விரல் போக வேண்டும். இரண்டுதான் போனது. உறைப்புக் கறி எரிகிறது என்று அம்மா சம்பலைத் தள்ளிவைத்ததன் காரணமும் அப்போது தெரிந்தது. பாக்கு, கொடுப்புத் தசையை இறுக வைக்கும், உறைப்புப் பட்டால் எரியவும் வைக்கும். புகையிலை இல்லாத தனிப் பாக்கே புற்றுநோய் வருவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்னுக்கு நிற்கிறது. இருந்தும், போயிலையை விட்டால் போதும் என்றுதான் எங்கள் ஆட்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

துண்டு எழுதி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே திட்டிலிருந்து சிறு தசை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் கலங்களில் ஆரம்ப மாற்றம் இருக்கிறது, பாக்கை அடியோடு விட்டுத் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

பல் கிளிநொச்சியிலேயே பிறகு பிடுங்கப்பட்டது. சீனி கிளினிக்குக்கு வெறும் வயிற்றோடு போய்ப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம்: பல் பிடுங்கும் நாளில் சாப்பிட்டு, குளிசையும் போட்டுக்கொண்டே போங்கள். மரத்துப்போக ஊசி போட்டபின் பசியில் சீனி இறங்கினால் கதிரையிலேயே மயக்கம் வரும்.

இப்போது அம்மா காலையும் மாலையும் ஐஸ்கிறீம் தடிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்து வாயை விரிக்கும் பயிற்சி செய்கிறார். இறுக்கம் குறையக் குறையத் தடி ஒன்றைக் கூட்ட வேண்டும். வெற்றிலைத் தட்டம் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டது. அவரும் கொடுப்பில் அடக்குகிற ஆள். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போகிறேன்.