அது நியூஸ் ஆயிரும் மக்கா

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் எங்கள் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதைக் கேட்டு வளர்ந்த எனக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் எஃப்எம்மில் தயாரிப்பாளர் வேலை கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி நாகர்கோவில் பக்கம் வந்தால் எங்கள் எஃப்எம் அலைவரிசை கொஞ்சம் கரகரக்கும். ஆனாலும் நாகர்கோவில் கடைகளின் விளம்பரம் நிறைய வரும், நேயர்களும் போன் செய்வார்கள்.

காலை நிகழ்ச்சியில் ஊர்க்குறை கேட்டிருந்தோம். சுசீந்திரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா பேசினார். "எங்க குளத்துல லாரி லாரியா மண்ணு தட்டுதாவ தம்பி. பிளாட் போடப் போறாவளாம். பெறவு வயலுக்கு எங்க இருந்து தண்ணி வரும்?" நிகழ்ச்சித் தலைவர் அந்தப் பதிவை ஹெட்போனில் இரண்டு தடவை கேட்டார். "அது நியூஸ் ஆயிரும் மக்கா. குளத்த எடுத்துரு, தண்ணி வரலங்கறத மட்டும் வை" என்றார். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. அந்த மாதம் பெரிய ஸ்பான்சர் ஒரு மனை விற்கும் கம்பெனி. இருவருக்கும் தெரியும், இருவரும் வாய் திறக்கவில்லை.

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது உண்மைதான். ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆனால் தனியார் எஃப்எம்முக்கான மத்திய அரசின் 2011 கொள்கையிலேயே குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, வானிலைத் தகவல்களெல்லாம் செய்திக் கணக்கில் வராது என்று இருக்கிறது. அப்படியானால் குளம் எந்தப் பக்கம்? அதை முடிவு செய்வது ஸ்டுடியோ. சந்தேகம் வந்தால் முதலாளிக்குச் சாதகமாகத்தான் முடியும்.

இத்தனைக்கும் முதலாளி ஒருநாளும் போன் செய்து தடுத்ததில்லை. அதற்கு அவசியமே வரவில்லை. குழுமத்துக்குப் பத்திரிகை உண்டு, வேறு தொழில்களும் உண்டு. யார் வேண்டியவர், யாரைத் தொடக் கூடாது என்பது புதிதாகச் சேரும் ஆர்ஜேவுக்குக்கூட சீக்கிரமே பிடிபட்டுவிடும். எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. உத்தரவென்றால் எதிர்த்தாவது பேசலாம்.

தனியார் எஃப்எம்முக்கு மணிக்குப் பத்து நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. நான் அதை மனதார ஆதரிக்கிறேன். அதோடு இன்னொன்றும் வேண்டும். நேயர் அழைப்பில் விளம்பரப் பிரிவு கை வைக்கக் கூடாது என்பதை உரிம நிபந்தனையாகவே எழுத வேண்டும். எது, யார் சொல்லி வெட்டப்பட்டது என்று பதிவேடும் வைக்க வேண்டும். உரிமம் கொடுப்பது 15 வருஷத்துக்கு. கேட்க வேண்டியதைக் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.