ஓடு பிரிப்பதற்கு முன்னால்

ஆடி மாதம் எங்கள் பெருந்துறைப் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்யாண போட்டோகிராபருக்கு அது வருமானமில்லாத மாதம். ஆனால் பழைய கட்டடங்களைப் படம் எடுப்பவனுக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து வானத்தை மூடிக்கொள்ளும், மழை பெரிதாகப் பெய்யாது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும், அழுத்தமான நிழல் இருக்காது. பல பக்கங்களில் இருந்து எடுத்த படங்களை வைத்து ஒரு பொருளை அளந்து, கணினியில் முப்பரிமாண மாதிரி செய்வதுதான் போட்டோகிராமெட்ரி. அதற்கு வேண்டியது அந்த வெளிச்சம்தான். காற்றுதான் தொந்தரவு. அம்மியே பறக்கும் காற்றில் டிரோன் எங்கே நிற்கும்? நீளமான கம்பி நுனியில் கேமராவைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போனில் பார்த்துத்தான் கூரையை எடுக்கிறேன்.

தொழில்நுட்பம் புதிது போலத் தெரியும், யோசனை பழையது. 1858-இல் ஆல்பிரெக்ட் மேடன்பாவர் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க மேலே ஏறியபோது விழுந்து சாகத் தெரிந்தார். உயிரைப் பணயம் வைத்து நூல் பிடித்து அளப்பதற்குப் பதில், படம் எடுத்து அதிலிருந்து அளக்கலாமே என்று அப்போது தோன்றியிருக்கிறது. 1885-இல் பெர்லினில் அதற்கென்றே ஒரு அரசு நிறுவனம் தொடங்கிவிட்டார். அன்று மனிதர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கை இன்று கணினி போடுகிறது. ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தேடிப் பொருத்தி, கேமரா நின்ற இடங்களைக் கண்டுபிடிக்கிறது. பிறகு லட்சக்கணக்கான புள்ளிகளை அதனதன் இடத்தில் நிறுத்துகிறது.

போன ஆடியில் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தொட்டிக்கட்டு வீட்டை எடுத்தேன். நடுவில் தொட்டி என்கிற திறந்த முற்றம், நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரியும் நாட்டு ஓட்டுக் கூரை, ஆசாரம் என்கிற கூடம், அதைத் தாங்கும் மரத்தூண்கள். பாகம் பிரித்தாயிற்று, வீட்டை இடிக்கப் போகிறார்கள். தூணுக்கும் கதவு நிலைக்கும் பழைய மரக்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று குடும்பம் அந்த ஒரு வீட்டில் எப்படி இருப்பது?

தூணைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து அந்த வீட்டு ஆத்தா கேட்டார்: “ஏங்கண்ணு, ஒரே தூணை எத்தனை தடவைதான் புடிப்பே?”

“சுத்தி வந்து எடுத்தாத்தானுங்க ஆத்தா முழுத்தூணும் கெடைக்கும்.”

“அப்படீன்னா இதையும் புடிச்சுக்கோ” என்று குனிந்து காட்டினார். இடுப்புயரத்துக்குக் கீழே, தூணில் சாய்வாக ஒரு பள்ளம், விரல் வைத்தால் வழுக்குகிறது. மோர் கடைய மத்துக் கட்டிய இடம். அவருடைய மாமியார் கடைந்தது, அவருக்கு முந்தியவர் கடைந்தது எல்லாம் சேர்ந்து கயிறு மரத்தைத் தின்றிருக்கிறது. சாதாரணப் படத்தில் அது வெறும் கறுப்புக் கோடு. முப்பரிமாண மாதிரியில் பள்ளத்தின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கலாம், கயிறு எந்தப் பக்கம் இழுபட்டது என்றுகூடத் தெரிகிறது. இப்படி ஒன்று இருப்பது அந்த வீட்டில் வாழ்ந்தவர் சொன்னால்தான் தெரியும். அதனால் கேமராவைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சுற்று நடந்துவிட வேண்டும் என்பேன்.

எடுக்கும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரே இடத்தில் நின்று கேமராவை மட்டும் திருப்பினால் ஆழம் கிடைக்காது, ஆள் நகர வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் முக்கால் பங்காவது பொதுவாக இருக்க வேண்டும். ஜூமைத் தொடக் கூடாது, பிளாஷ் வேண்டாம். வெள்ளையடித்த சுவர் பெரிய சோதனை. பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லாமல் மென்பொருள் தடுமாறும். சின்னச் சின்னக் காகிதக் குறிகளை ஒட்டி, வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். கருங்கல், காரை உதிர்ந்த சுவர், பாசி பிடித்த ஓடு எல்லாம் அருமையாக வரும்.

முக்கியமானது அளவு. படங்களை மட்டும் வைத்து அது பொம்மை வீடா நிஜ வீடா என்று கணினிக்குத் தெரியாது. தெரிந்த நீளமுள்ள அளவுகோல் இரண்டு மூன்று இடங்களில் படத்துக்குள் இருந்தாக வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றையும் தொங்கவிடுகிறேன். அந்த நூல் எது நேர் என்று சொல்லிவிடும், சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அளவில்லாத மாதிரி திருப்பிப் பார்க்க அழகாக இருக்கும். தச்சருக்கோ ஆய்வாளருக்கோ உதவாது.

அதே பக்கத்தில் வேலியோரம் ஒரு புலிக்குத்திக் கல், புலியோடு சண்டையிட்ட வீரனுக்கு நட்ட கல். எண்ணெயும் மஞ்சளும் ஏறி வீரனின் முகமே தெரியவில்லை. மாதிரியில் நிறத்தை நீக்கிவிட்டு, கணினியிலேயே பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விட்டபோது புலியின் வால் மேலே சுருண்டிருப்பதும், வீரனின் கொண்டையும், வாள் பாய்ந்த இடமும் எழுந்து வந்தன. கல்வெட்டுகளுக்கு ஈரத்தாளைக் கல்லில் ஒத்தித் தட்டி மைப்படி எடுப்பதுதான் வழக்கம், இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பொரிந்துபோன கல்லைத் தட்ட முடியாது. இந்த முறையில் கல்லைத் தொடவே வேண்டாம். அந்தக் கல் இருக்கும் ஊரை இங்கே எழுதவில்லை. தனியாக நிற்கும் கல், திருட்டுப் போய்விடும்.

பேரூர் கனகசபைத் தூண்களையும் விஜயமங்கலம் சமணக் கோயிலையும் இப்படிப் பதிவு செய்தால் எனக்கும் சந்தோஷம்தான். அவற்றுக்கு அனுமதி வாங்கி, முறையான கருவிகளோடு செய்ய ஆட்கள் வருவார்கள். தொட்டிக்கட்டு வீட்டுக்கும் சுமைதாங்கிக் கல்லுக்கும் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இடமில்லை. நாம்தான் எடுக்க வேண்டும்.

மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம். நல்ல என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும், ஒரு வீட்டுக்கு ராத்திரி முழுக்க ஓடும். செய்து முடித்த மாதிரியைவிட மூலப் படங்களைப் பத்திரமாக வையுங்கள். மென்பொருள் வருஷா வருஷம் தேறுகிறது, நாளைக்கு இதே படங்களில் இருந்து இன்னும் நுணுக்கமாக எடுக்கலாம். நான் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டு, ஒரு பென் டிரைவை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். தேதி, அளவுகோலின் நீளம், எந்த அறை யாருடையது என்பதை எழுதி அதே போல்டரில் போட்டுவிடுகிறேன்.

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் யார் வீட்டிலாவது இடிக்கும் பேச்சு நடந்தால், ஓடு பிரிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காசு வேண்டாம். உள்ளே சாமான்களை ஒதுக்கிவைத்து, தொட்டியில் காயும் துணியை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.