ஓபிஎஸ்ஸை ஏஐயிடம் கொடுக்கும் முன்

நேரலைக்கும் திரைப்பதிவுக்கும் பயன்படும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளோடு ஏஐ உதவியாளரை இணைக்கத் தனி ப்ளக்இன் தேவையில்லை. 2022-இல் வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து வெளி நிரல்கள் ஓபிஎஸ்ஸுக்குக் கட்டளை அனுப்பும் வழியான வெப்சாக்கெட் சர்வர் அதற்குள்ளேயே இருக்கிறது. டூல்ஸ் மெனுவில் ‘வெப்சாக்கெட் சர்வர் செட்டிங்ஸ்’ திறந்து எனேபிள் செய்யுங்கள். ‘ஷோ கனெக்ட் இன்ஃபோ’வில் பாஸ்வேர்டு கிடைக்கும். போர்ட் 4455. பழைய குறிப்புகளில் 4444 என்று இருந்தால் அது பழைய வெப்சாக்கெட் ப்ளக்இன்னின் 4-ஆம் பதிப்புக் காலத்தது, அந்த நிரலும் இப்போது ஓடாது.

ஏஐக்கும் ஓபிஎஸ்ஸுக்கும் நடுவில் நிற்க ஒரு எம்சிபி சர்வர் வேண்டும். எம்சிபி என்பது ஏஐ செயலிகளை வெளி மென்பொருள்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை. சர்வர் ஒரு பக்கம் கிளாட் டெஸ்க்டாப் போன்ற ஏஐ செயலியோடு பேசும், மறுபக்கம் அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் ஓபிஎஸ்ஸோடு பேசும். பைத்தானில் நீங்களே எழுதினால் முதலில் இடறுவது பிரிண்ட் வரியில்தான். பிரிண்ட் எழுதும் ஸ்டாண்டர்டு அவுட்புட் வழியாகத்தான் செயலியோடு உரையாடலே நடக்கிறது. சோதனைக்காகப் போட்ட ஒரு பிரிண்ட் அதற்குள் கலந்தால் இணைப்பு குழம்பிவிடும். லாக் எல்லாம் ஸ்டாண்டர்டு எரருக்குப் போகட்டும். இணைந்தவுடன் 4009 எண்ணோடு அறுந்தால் பாஸ்வேர்டு தவறு.

அடுத்து மைக். ‘மைக் சரியா இருக்கா பாரு’ என்று கேட்டால் ஏஐ கெட்இன்புட்வால்யூம் என்ற ஓபிஎஸ் கட்டளையை அழைத்து, மைனஸ் 3 டெசிபல், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். அது ஸ்லைடர் நிற்கும் இடம். ஒயர் பிடுங்கியிருந்தாலும் அதே எண்தான் வரும். உண்மையான ஒலி அளவு இன்புட்வால்யூம்மீட்டர்ஸ் நிகழ்வில்தான் உண்டு. அது இயல்பாக வராது, இணையும்போது அனுப்பும் நிகழ்வுச் சந்தா எண்ணில் (eventSubscriptions) 65536 சேர்த்துக் கேட்க வேண்டும். 50 மில்லிநொடிக்கு ஒரு முறை கொட்டும் என்பதால் அப்படியே ஏஐக்கு அனுப்பக் கூடாது. ஐந்து நொடி, அதாவது நூறு செய்தி சேர்த்து, உச்ச அளவை டெசிபலாக்கி ஒரே எண்ணாகக் கொடுங்கள்.

தமிழில் காட்சிக்கு (ஸீன்) பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘தொடக்கம்’ என்பதில் உள்ள ‘தொ’வின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஓபிஎஸ்ஸுக்கு இரண்டும் வேறு பெயர். 600 என்ற பிழை, ‘அப்படி ஒன்று இல்லை’ என்று வரும். அதனால் ஏஐ தட்டச்சு செய்யும் பெயரை நம்பாமல், முதலில் கெட்ஸீன்லிஸ்ட் கட்டளையால் காட்சிப் பட்டியல் எடுத்து, இரு பக்கமும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றி ஒப்பிட்டு, பட்டியலில் உள்ள பெயரையே திருப்பி அனுப்புங்கள்.

ஃபிரேம் விடுபடுவதைப் பார்க்கச் சொல்லும்போதும் ஒரு குழப்பம். ‘அவுட்புட்ஸ்கிப்டுஃபிரேம்ஸ்’ என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. கெட்ஸ்டாட்ஸில் அது வீடியோவைச் சுருக்கும் என்கோடர் திணறுவதைக் காட்டும். கெட்ஸ்ட்ரீம்ஸ்டேட்டஸில் நெட்வொர்க்கில் விழுந்ததைக் காட்டும். ஏஐக்குத் தரும் டூலின் (அது அழைக்கக்கூடிய கட்டளையின்) விளக்கத்தில் இதை எழுதி வைக்காவிட்டால், இணையம் மெதுவாக இருக்கும்போது ஏஐ என்கோடர் பிரீசெட்டை மாற்றச் சொல்லும்.

ஓபிஎஸ் தரும் எல்லாக் கட்டளைகளையும் டூலாகத் திறந்துவிடாதீர்கள். கெட்ஸ்ட்ரீம்சர்வீஸ்செட்டிங்ஸ் உங்கள் சேனலில் ஒளிபரப்ப உதவும் ரகசியக் குறியான ஸ்ட்ரீம் கீயையே எடுத்துக் கொடுக்கும். அது உரையாடலுக்குள் போக வேண்டிய காரணமே இல்லை. ஸ்ட்ரீமைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். 4455-இல் போவது குறியாக்கம் இல்லாத செய்தி, ரவுட்டரில் அந்த போர்ட்டைத் திறக்கவே கூடாது.

காட்சி மாற்றுவதையும் ஏஐயிடம் விட வேண்டாம். சொன்னதைப் புரிந்து டூலை அழைக்கச் சில நொடி ஆகும், நேரலையில் அது நீண்ட நேரம், ஹாட்கீ போதும். தாமதம் பெரிதாக உறுத்தாத இடம் ரெக்கார்டிங். 30.2 பதிப்பிலிருந்து ஹைப்ரிட் எம்பி4 வடிவில் கிரியேட்ரெக்கார்டுசாப்டர் மூலம் ஓடும்போதே அத்தியாயக் குறி வைக்கலாம். தலைப்பு மாறும்போது ‘கேள்வி பதில் தொடக்கம்’ என்று குறிக்கச் சொன்னால், இரண்டு மணி நேரக் கோப்பை எடிட்டரில் தேடி ஓட்டும் வேலை மிச்சம். ஸ்டாப்ரெக்கார்டு பதிலிலேயே கோப்பின் முழுப் பாதையும் வந்துவிடுகிறது.