ஊசிமுனையில் மஞ்சள் சுடர்: ஐந்தாம் வாரக் குறிப்பு

வெள்ளி வளையங்களைப் பற்றவைக்க, தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் மின்பகுப்புக் கலம் ஒன்றைச் செய்திருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, அதிலிருந்து வந்த வாயுவின் சுடர் முதன்முறையாக நிறமின்றி எரிந்தது. ஐந்து வாரங்களாக மஞ்சளாக எரிந்த சுடர் அது. அறை விளக்கை அணைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு எஃகுத் தகடுகள், ஆறு அறைகள், 12 வோல்ட், 10 ஆம்பியர் என்பதே கலத்தின் அமைப்பு. கணக்குப்படி நிமிடத்திற்கு 0.68 லிட்டர் கலப்பு வாயு வர வேண்டும், அளந்தபோது 0.6 லிட்டர் வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. என்னைப் படாதபாடு படுத்தியது, வாயு வெளியேறிச் சுடராக எரியும் ஊசிமுனைதான். அரை மணிக்கொருமுறை சுடர் ‘டப்’ என்று உள்ளே பாய்ந்து, வழியில் வாயு குமிழியிட்டுக் கடந்து வரும் நீர்க்குப்பியில் போய் அணையும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தே வரும் இக்கலத்தில் அந்தக் குப்பிதான் உயிர்க்காப்பு. அது இல்லாமலோ, வாயுவைச் சேமித்து வைத்தோ யாரும் இதைச் செய்யக் கூடாது.

அரை மில்லிமீட்டர் துளையில் வாயு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இக்கலவையில் சுடர் பரவும் வேகமோ ஏறத்தாழ 10 மீட்டர்தான். அப்படியிருந்தும் சுடர் ஏன் பின்வாங்குகிறது என்பது விளங்கவேயில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தவுடன், “தம்பி, இந்த நெருப்பில் உப்பு ஏறியிருக்கிறது, உலையில் உப்புக் கல் விழுந்தால் இந்த மஞ்சள்தான் வரும்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலத்தில் நான் கரைத்திருந்த காஸ்டிக் சோடாவின் சோடியம், நுண்துளிகளாக வாயுவோடு ஏறி வந்து மஞ்சளாக எரிந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசியின் வாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. ஒரு துளி அங்கே சிக்கி ஓட்டத்தை நிறுத்தும் கணத்தில்தான் சுடர் உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

கலத்திற்கும் குப்பிக்கும் இடையே ஓரடி உயரக் குழாயை நிமிர்த்தி நிறுத்தி, அதில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை இறுக்கமில்லாமல் அடைத்தேன். துளிகள் நாரில் படிந்து கலத்திற்கே திரும்பி வடிகின்றன. கரைசலின் மட்டத்தையும் நான்கு விரற்கடை குறைத்தேன். குப்பி நீரே நாளடைவில் காரமாகிவிடுவதால் அதைத் தினமும் மாற்றுகிறேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் காரத்தில் விட்டால் வெண்மையாக வண்டல் படிகிறது. ஆகவே பேட்டரிக் கடையில் வாலைவடிநீர் வாங்குகிறேன். தகடுகளில்தான் ஏமாந்தேன். துருப்பிடிக்காத எஃகில் 304 ரகம் என்று சொல்லி ஒரு கடையில் விற்ற தகடுகளால் இரண்டே நாளில் கரைசல் பழுப்பேறியது. மலிவான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை பயன்படவில்லை. எஃகு உருக்காலை இருக்கும் சேலத்திலேயே இப்படி நடந்தது எனக்கு மிகுந்த வருத்தம். இப்போது தர முத்திரையுள்ள தகட்டை மட்டுமே வாங்குகிறேன்.

ஒட்டு நன்றாகப் பிடிக்க வெங்காரம் தடவி, எளிதில் உருகி ஒட்டும் உலோகக் கலவையான பற்றாசின் துணுக்கு வைத்து, மூன்று மாலைகளில் பதினான்கு வெள்ளி வளையங்களைப் பற்றவைத்தேன். ஒருமுறைகூட ‘டப்’ கேட்கவில்லை. ஆனால் வெள்ளி 961 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். இச்சுடரோ 2,800 பாகையை நெருங்குவது. மெல்லிய கம்பியின் நுனி கண்ணிமைக்கும் நேரத்தில் குண்டாகத் திரண்டுவிடுகிறது. வாயுவை மெத்தனால் வழியாகச் செலுத்திச் சுடரைத் தணிக்கும் முறையை அடுத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு வளையங்களும் இப்போது பூந்திக்கொட்டை நீரில் ஊறுகின்றன. கொக்கி இன்னும் செய்யவில்லை.