மிளகும் ஈரலும்: உவர்மலை நாட்குறிப்பு

2024 நவம்பர் 4, திங்கள்

மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பெரினை வாய்வழி கொடுத்து வந்த எலிகளில் முதலாவதன் ஈரலை இன்று எடுத்தேன். எலிக்குப் பித்தப்பை கிடையாது என்று தெரிந்திருந்தும், மடலைப் புரட்டியபோது கண் அதைத் தேடத்தான் செய்தது. குளிர்ந்த உப்புநீர் செலுத்திக் குருதியைக் கழுவ, கருஞ்சிவப்பாக இருந்த ஈரல் மெல்ல வெளிறியது; வெப்பமேறினால் நொதியங்கள் கெட்டுவிடும் என்பதால் பனிக்கட்டியில் வைத்தபடியே அரைத்தோம்.

மழையில் நனைந்து வீடு வந்தேன். கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள்; பாலும் பழமுமாக இருக்கும் அம்மா சோர்ந்து படுத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எலிகளின் நினைவு வந்தது. ஓர் இரவுப் பட்டினியே எலியின் ஈரலில் நச்சை முறிக்க உதவும் குளூட்டாதயோன் என்ற பொருளைக் குறைத்து, சைட்டோகுரோம் பி450 2ஈ1 என்ற நொதியத்தைக் கூட்டிவிடும். பைப்பெரின் பெற்றவையும் பெறாதவையும் ஒரே அளவு நேரம் பட்டினி இருந்தாலன்றி, எந்த மாற்றம் மிளகால் வந்தது என்று சொல்ல முடியாது.

நவம்பர் 7, வியாழன்

சூரன்போர் நாள். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வை மறுபடி படித்தேன். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமினுடன் பைப்பெரினையும் சேர்த்துக் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைத்த குர்க்குமின் எலிகளில் 154 சதவீதமும் மனிதரில் 2000 சதவீதமும் கூடியது. குர்க்குமினைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் நொதியத்தைப் பைப்பெரின் தடுப்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆகவே ‘ஈரலைப் பலப்படுத்தும்’ என்று மிளகைப் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. ஈரலின் ஒரு வேலையை அது தாமதப்படுத்துகிறது. எலியின் கணக்கை அப்படியே மனிதருக்குப் போடவும் முடியாது.

நவம்பர் 10, ஞாயிறு

அப்பப்பா தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) தியோபிலின் குளிசை எடுப்பவர்; சில வாரங்களாகத் திரிகடுகச் சூரணமும் தேனில் குழைத்து உண்கிறார் என்பது இன்றுதான் தெரிந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றில் பின்னிரண்டிலும் பைப்பெரின் உண்டு. அது மனிதரின் குருதியில் தியோபிலின் அளவைக் கூட்டுவது 1991இலேயே காட்டப்பட்டிருக்கிறது. அளவு சற்று மிஞ்சினாலே வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் தரக்கூடிய மருந்து அது.

“அப்ப ரசத்தையும் விடச் சொல்லுறியே, பிள்ளை?” என்று கேட்டார்.

“ரசம் குடியுங்கோ, அப்பப்பா. சூரணத்தை மட்டும் டொக்டரிட்டக் கேட்டுப்போட்டு எடுப்பம்” என்றேன்.

சற்று யோசித்துவிட்டு, குளிசை அட்டையையும் சூரணப் போத்தலையும் நாளைய கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பையில் அவரே எடுத்து வைத்தார்.